மெட்ராஸ் ஐ என்று நினைத்தோம்



எங்கள் மகளின் வலக்கண்ணில் இப்போது இருக்கும் கருவிழிப் படலம் அவளுடையதன்று. இறந்துபோன யாரோ ஒருவருடையது. அவர் ஆணா பெண்ணா, எந்த ஊரைச் சேர்ந்தவர், எந்த மார்க்கத்தைப் பின்பற்றியவர் என்பது எதுவும் எங்களுக்குத் தெரியாது. மருத்துவமனையிலும் சொல்லமாட்டார்கள், அது விதி. இந்த நிலைக்கு நாங்கள் வந்து சேர்ந்த விதத்தை எழுதும்படி உறவினர் சிலர் கேட்டனர். எழுதவே வேண்டாம் என்றும் சிலர் தடுத்தனர். பெண் பிள்ளையின் குறையை ஊரறியச் சொல்லலாமா என்பது அவர்களுடைய கவலை. கடைசியில் மகளிடமே கேட்டோம். “என் பெயரை மட்டும் எழுதாதீர்கள், மற்ற எல்லாவற்றையும் எழுதுங்கள்” என்றாள்.

நாங்கள் வாலாஜாபேட்டைக்காரர்கள். மகள் எட்டாம் வகுப்பிலிருந்தே கண்ணாடி அணிபவள். படிப்பு முடியும்வரை அது எங்களுக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. சம்பந்தம் பேசத் தொடங்கிய பிறகுதான் அது பெரிதாயிற்று. வந்து பார்த்தவர்களில் இரண்டு குடும்பத்தார், பெண் நல்ல பெண், ஆனால் கண்ணாடி கொஞ்சம் கனமாக இருக்கிறதே என்று சொல்லியனுப்பினர். நேரடியாகச் சொன்னதற்காக அவர்கள்மீது எங்களுக்குக் கோபமில்லை. கோபம் எங்கள்மீதுதான். ஏனெனில் அடுத்த வாரமே மகளைக் கடைக்கு அழைத்துப்போய்க் கான்டாக்ட் லென்ஸ் வாங்கிக் கொடுத்தோம். இரவில் கழற்றிவிட வேண்டும், மருந்து நீரில் ஊற வைக்க வேண்டும் என்று கடையில் சொன்னார்கள். அதற்குமேல் அவர்களும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. நாங்கள் மகளுக்குச் சொன்ன ஒரே அறிவுரை, லென்ஸ் அணிந்திருப்பதை யாரிடமும் சொல்லாதே என்பதுதான்.

2022 மார்ச் மாதம், ஷஃபான் நடுப்பகுதி. ரமலானுக்கு முன் நடந்துவிட வேண்டும் என்று நிகாஹ்கள் வரிசையாக வரும் காலம். ஆம்பூரில் நெருங்கிய உறவில் ஒரு திருமணம். இரண்டு நாள் தங்கினோம். லென்ஸ் டப்பாவும் மருந்து நீர்க் குப்பியும் வீட்டிலேயே தங்கிவிட்டன. முதல் இரவு அவள் லென்ஸைக் கழற்றாமலே உறங்கிவிட்டாள். இரண்டாம் இரவு, உறவுப் பெண்கள் நிறைந்திருந்த அறையில், யாரும் பார்க்காதபடி ஒரு தம்ளரில் குழாய்த் தண்ணீரைப் பிடித்து அதில் லென்ஸைப் போட்டு வைத்தாள். காலையில் அதே தண்ணீரில் அலசி மீண்டும் அணிந்துகொண்டாள். யாரிடமாவது கேட்டிருந்தால் அந்த வீட்டிலேயே லென்ஸ் அணியும் பெண் ஒருத்தி இருந்தாள். அவளிடம் மருந்து நீரும் இருந்தது. இதைப் பின்னர்தான் அறிந்தோம். கேட்க முடியாதபடி அவள் வாயைக் கட்டியவர்கள் நாங்கள்.

ஊர் திரும்பிய மறுநாள் வலக்கண் சிவந்தது. மெட்ராஸ் ஐ என்றோம். நம் பக்கம் கண் சிவந்தால் வேறு பெயர் கிடையாது. 1918ஆம் ஆண்டு சென்னையில் பரவிய கண் நோயிலிருந்து அப்பெயர் வந்ததாகச் சொல்வர். எழும்பூரில் 1819இல் தொடங்கப்பட்ட கண் மருத்துவமனை ஆசியாவிலேயே மிகப் பழையவற்றுள் ஒன்று. அத்தகைய மருத்துவமனை நம் மாநிலத்தில் 200 ஆண்டுகளாக இருக்கிறது. நாமோ அந்நகரின் பெயரை ஒரு நோய்க்குச் சூட்டிக்கொண்டு, சிவந்த கண்ணையெல்லாம் அதில் அடக்கிவிட்டு வீட்டிலேயே இருந்துவிடுகிறோம். மெட்ராஸ் ஐ வந்தால் கண் உறுத்தும், பீளை கட்டும், பெரும்பாலும் இரண்டு கண்ணுக்கும் பரவும், சில நாட்களில் தானே அடங்கிவிடும். மகளுக்கோ ஒரே கண், பீளை அதிகமில்லை, ஆனால் சன்னலைத் திறந்தால், “அம்மா, வெளிச்சம் ஊசி போல் குத்துகிறது” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்த வேறுபாட்டைக் கண்டுகொள்ள எங்களுக்குத் தெரியவில்லை.

மருந்துக் கடையில் கேட்டு ஒரு சொட்டு மருந்து வாங்கி வந்தோம். சீட்டு இல்லாமலே கொடுத்தார்கள். ஒரே நாளில் சிவப்பு பாதி குறைந்தது. நாங்கள் அல்ஹம்துலில்லாஹ் என்றோம். உறவினர் ஒருவர் பன்னீர் விடச் சொன்னார், விட்டோம். இன்னொருவர் அன்போடு ஜம்ஜம் நீர் கொண்டுவந்தார். அதையும் இரண்டு சொட்டு விட்டோம். வீட்டில் பல ஆண்டுகளாக இருந்த சுர்மாதானியிலிருந்து, எல்லோரும் பயன்படுத்திய அதே குச்சியால், ஒரு கோடு சுர்மாவும் இடப்பட்டது. நான்காம் நாள் காலை, ஃபஜ்ருக்கு எழுந்தவள், வலக்கண்ணை மூடித் திறந்து பார்த்துவிட்டு, எதிரே இருப்பவர் முகம் தெரியவில்லை என்றாள். விளக்கருகே அழைத்துப் பார்த்தோம். கருவிழியின் நடுவே, அரிசிக் குருணை அளவில், வெள்ளையாக ஒரு புள்ளி.

வாலாஜாவிலிருந்து வேலூர் சுமார் 30 கிலோமீட்டர். பாலாற்றைத் தாண்டி மேல்விஷாரம் வழியாகப் போகும் அந்தச் சாலையில் எங்கள் வாழ்நாளில் எத்தனையோ முறை போயிருக்கிறோம். அன்று அது முடியாத சாலையாக இருந்தது. மகள் துப்பட்டாவால் முகத்தை முழுவதும் மூடிக்கொண்டு, எதுவும் பேசாமல் வந்தாள்.

கண் மருத்துவமனையில் பெண் மருத்துவர் ஒருவர் முதலில் கேட்டது, “லென்ஸ் போடுவதுண்டா?” என்பதே. மகள் எங்களைப் பார்த்தாள். நாங்கள் தலையசைத்த பிறகுதான் ஆம் என்றாள். அடுத்த கேள்வி, “கண்ணில் என்னென்ன விட்டீர்கள்?” என்பது. மருந்துக் குப்பியைக் காட்டினோம். பன்னீரைச் சொன்னோம், சுர்மாவைச் சொன்னோம். ஜம்ஜமைச் சொல்ல மட்டும் எங்களுக்கு நா எழவில்லை. அந்தப் புனித நீரை யாரும் குறை சொல்லக் கேட்க வேண்டிவருமோ என்ற தயக்கம். பிறகு சொன்னோம். அவர் குறை எதுவும் சொல்லவில்லை. “அதைக் குடிக்கக் கொடுங்கள்; புண்ணான கண்ணில் எந்த நீரையும் விடக் கூடாது” என்றார். பின்னாளில் எங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத்தும் ஏறக்குறைய அதே சொற்களில் சொன்னார்.

கண்ணை மரக்கச் செய்துவிட்டு, சிறிய கத்தி முனையால் அந்த வெள்ளைப் புள்ளியிலிருந்து சிறிது சுரண்டி எடுத்தார்கள். அதைக் கண்ணாடிச் சில்லில் தடவி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற காரக் கரைசலில் ஒரு துளி விட்டு நுண்ணோக்கியில் பார்த்தனர். அதிக நேரம் ஆகவில்லை. பூஞ்சை என்றார்கள். ஈரமான ரொட்டியில் படர்கிறதே, அந்த இனம். அது எங்கள் மகளின் கண்ணில் நூல் நூலாக வேர்விட்டிருந்தது.

மருந்துக் கடைக் குப்பியைக் கையில் எடுத்து மருத்துவர் விளக்கியது எங்களுக்கு இன்றும் மறக்கவில்லை. அதில் இருந்தவை இரண்டு: ஒன்று பாக்டீரியாவைக் கொல்லும் ஆன்டிபயாட்டிக், மற்றது ஸ்டீராய்டு. ஆன்டிபயாட்டிக் பூஞ்சையை ஒன்றும் செய்யாது. ஸ்டீராய்டோ உடலின் எதிர்ப்பை அடக்கிவிடும். கண் சிவப்பது கிருமியோடு உடல் போராடுவதன் அடையாளம். போராட்டத்தை நிறுத்தியதால் சிவப்பு குறைந்தது. தடுப்பார் இல்லாததால் பூஞ்சை பரவியது. நாங்கள் அல்ஹம்துலில்லாஹ் சொன்ன அந்த நாளில்தான் கண் மிகுதியாகக் கெட்டிருக்கிறது.

இது அரிய நோயன்று என்பதையும் அங்கேதான் அறிந்தோம். மதுரை மாவட்டத்தில் 1993ஆம் ஆண்டுக்கான கணக்கெடுப்பு ஒன்றில், ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் 113 பேருக்குக் கருவிழிப் புண் வருவதாகக் கண்டனர். 1994இன் முதல் மூன்று மாதங்களில் அங்கே அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரை ஆராய்ந்தபோது, சோதனையில் கிருமி கண்டறியப்பட்டவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்குக் காரணம் பூஞ்சை. மூன்றில் இரு பங்கினர் கண்ணில் ஏதேனும் அடிபட்டவர்கள். கதிர் அறுக்கையில் நெல் தோகை கிழித்தல், மாட்டு வால் அடித்தல், செடிக் குச்சி குத்துதல் போன்றவை நம் நாட்டில் இதற்கு வழக்கமான தொடக்கங்கள். வயலே பார்த்திராத எங்கள் மகளுக்கு நெல் தோகையின் வேலையைச் செய்தது ஒரு மெல்லிய லென்ஸ்.

சிங்கப்பூரில் இருக்கும் எங்கள் உறவினர் ஒருவர் தொலைபேசியில் கேட்டதுமே, “அதுவா, இங்கே 2006இல் பெரிய செய்தியாயிற்றே” என்றார். அவ்வாண்டில் அங்கே லென்ஸ் அணிந்தவர்களுக்கு வரிசையாகப் பூஞ்சைப் புண் வந்தது. ஃபியூசேரியம் என்ற வகை; நம் தமிழ்நாட்டு வயல்களில் அதிகம் காணப்படும் அதே வகை. 2005 மார்ச் முதல் 2006 மே வரை அங்கே கண்டறியப்பட்ட 66 நோயாளிகளில் ஒருவர் நீங்கலாக அனைவரும் லென்ஸ் அணிந்தவர்கள். பாஷ் அண்டு லாம் நிறுவனத்தின் ரெனு மாய்ஸ்ச்சர்லாக் என்ற லென்ஸ் கழுவு நீரோடு அது தொடர்புபடுத்தப்பட்டது. பிப்ரவரியில் சிங்கப்பூரிலும் ஹாங்காங்கிலும் விற்பனை நிறுத்தப்பட்டு, மே மாதத்தில் உலகெங்கும் அந்த நீர் திரும்பப் பெறப்பட்டது. அமெரிக்காவில் உறுதி செய்யப்பட்ட 164 பேரில் மூன்றில் ஒரு பங்கினருக்குக் கருவிழி மாற்று அறுவை தேவைப்பட்டது. பெரிய நிறுவனம் ஆய்வுக்கூடத்தில் தயாரித்த நீரே அப்படித் தவறியிருக்கிறது என்றால், தம்ளரில் பிடித்த குழாய்த் தண்ணீரைப் பற்றி என்ன சொல்வது? குழாய் நீரிலும் தொட்டி நீரிலும் அகாந்தமீபா என்ற இன்னொரு உயிரி இருக்கும்; அது கருவிழியில் புகுந்தால் பூஞ்சையைவிடவும் பிடிவாதமானது, மாதக் கணக்கில் மருந்து விட வேண்டிவரும் என்று மருத்துவர் எச்சரித்தார்.

ஒரு சிறு விலகல். மருத்துவர் கார்னியா, கார்னியா என்று சொல்லிக்கொண்டிருந்தபோது எங்களுக்கு அரபுச் சொல் ஒன்று நினைவுக்கு வந்தது. அரபியில் அதற்குக் கர்னிய்யா என்று பெயர். கர்ன் என்றால் கொம்பு. இலத்தீன் சொல்லும் கொம்பைக் குறிப்பதே. சீவி மெலிதாக்கிய கொம்பைப் போல ஒளி ஊடுருவுவது என்பது பொருள். பக்தாதில் சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அலீ இப்னு ஈஸா என்ற கண் மருத்துவர், கண் நோய்களுக்கென்றே எழுதிய ‘தத்கிரத்துல் கஹ்ஹாலீன்’ பல நூற்றாண்டுகள் மருத்துவர்கள் கையில் இருந்த நூல். கஹ்ஹால் என்றால் கண் மருத்துவர். குஹ்ல், அதாவது சுர்மா, என்ற சொல்லிலிருந்து வந்தது. சுர்மா இடுவதற்கு மார்க்கத்தில் உள்ள சிறப்பை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் கடைகளில் அப்பெயரில் விற்கும் பொடிகளில் பல ஈயக் கலவை என்பதையும், ஒரே குச்சி வீட்டார் அனைவரின் கண்ணுக்கும் போவது நோயைப் பகிர்ந்துகொள்வது என்பதையும் இப்போதுதான் உணர்ந்தோம். கஹ்ஹால்கள் இருந்த சமூகத்தில் நாங்கள் குச்சியை மட்டும் வைத்துக்கொண்டிருந்தோம்.

தமிழில் கருவிழி என்கிறோம். உண்மையில் அந்தப் படலத்துக்குக் கருமையே இல்லை. சுமார் அரை மில்லிமீட்டர் கனமுள்ள, கண்ணாடி போன்ற தோல். பின்னால் இருப்பதன் நிறம் அதில் தெரிகிறது. அதில் இரத்த நாளங்கள் இல்லை. இருந்தால் தெளிவு போய்விடும். ஆகவே தனக்கு வேண்டிய மூச்சுக்காற்றைப் பெரும்பாலும் கண்ணீர் வழியாக வெளிக்காற்றிலிருந்தே பெற்றுக்கொள்கிறது. லென்ஸோடு உறங்குவது அந்த வழியை அடைப்பது. மூச்சு முட்டிய படலத்தில் ஒரு கீறல் விழுந்தால் கிருமிக்குக் கதவு திறந்தது போலத்தான்.

நாடாமைசின் என்ற பால் போன்ற வெண்ணிற மருந்து. குலுக்கிவிட்டு, மணிக்கு ஒரு முறை, இரவும் பகலும். மதுரையில் இருந்து ஒருங்கிணைத்து 323 நோயாளிகளிடம் நடத்தி 2013இல் வெளியான ஆய்வு ஒன்றில், புதிய மருந்தான வோரிகோனசோலைவிட இந்தப் பழைய மருந்தே மேல் என்று தெரிந்ததாம். நாங்கள் இருவரும் இரவைப் பங்கிட்டுக்கொண்டோம். ஒருவர் இரண்டு மணிவரை, மற்றவர் ஃபஜ்ர்வரை. கைபேசியில் ஒவ்வொரு மணிக்கும் அலாரம். கை கழுவித் துடைத்து, இமையை இறக்கி, ஒரு சொட்டு. அவள் வலியில் பல்லைக் கடித்துக்கொள்வாள். இரண்டு வாரம் கழிந்தும் புள்ளி குறையவில்லை. ஆனால் பரவவும் இல்லை. பரவாததே நல்ல செய்தி என்றார் மருத்துவர்.

அதற்குள் ரமலான் வந்துவிட்டது. மகளுக்கு நோயைவிட நோன்பு பற்றிய கவலையே பெரிதாயிற்று. ஹஜ்ரத்திடம் சென்று எல்லாவற்றையும் கேட்டோம். கண்ணில் சொட்டு மருந்து விடுவதால் ஹனஃபி மத்ஹபின்படி நோன்பு முறியாது, தொண்டையில் கசப்பு தெரிந்தாலும் சரி என்றார். ஆனால் வேளைக்கு வேளை மாத்திரை இருப்பதாலும், உறக்கமின்றி உடல் தளர்ந்திருப்பதாலும், நோயாளிக்கு அல்லாஹ் கொடுத்த சலுகையை ஏற்றுக்கொள்ளட்டும், பிறகு களாச் செய்யட்டும் என்றார். ஒளுவில் கண்ணைச் சுற்றி நீர் படுவது கெடுதல் என்று மருத்துவர் சொன்னால், அந்த இடத்தை ஈரக் கையால் மஸ்ஹு செய்யலாம். அதுவும் கெடுதலென்றால் விட்டுவிடலாம் என்றார். லென்ஸ் அணிந்தவர் ஒளுச் செய்யும்போது அதைக் கழற்ற வேண்டுமா என்றும் கேட்டோம். கண்ணின் உட்புறத்தைக் கழுவுவது கடமையே இல்லை என்பது விடை. எங்களுக்கு அப்போது சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. மார்க்கம் இவ்வளவு இலேசாக வைத்திருந்த ஒன்றை எத்தனை இறுக்கமாக்கிவிட்டோம்! அதை இறுக்கியது மார்க்கமன்று, சம்பந்தக்காரர்கள் என்ன சொல்வார்களோ என்ற எங்கள் அச்சம்.

ஈது முடிந்து ஒரு மாதத்தில் புண் ஆறியது. ஆறிய இடத்தில் வெள்ளைத் தழும்பு. சரியாகப் பார்வையின் நடுவே. கை விரல்களை எண்ண முடியும், முகம் தெரியாது.

அந்த வெள்ளைக் கண்ணைப் பார்த்தபோது எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு இன்னொரு முகம் நினைவுக்கு வந்தது. எங்கள் பாட்டனார் ராணிப்பேட்டையில் ஒரு டேனரியில் வேலை பார்த்தவர். தோலிலிருந்து மயிரை நீக்கச் சுண்ணாம்புக் குழியில் ஊறவைப்பார்கள். ஒருநாள் தோலைப் புரட்டும்போது சுண்ணாம்பு தெறித்து இடக்கண்ணில் விழுந்தது. தண்ணீர் விட்டால் சுண்ணாம்பு கொதிக்கும் என்று யாரோ எண்ணெய் தடவினார்களாம். சுண்ணாம்பு போன்ற காரம் படலத்தை ஊடுருவி உள்ளே போய்க்கொண்டே இருக்கும். உடனே, அந்த இடத்திலேயே, குழாயடியில் கண்ணைத் திறந்து நீண்ட நேரம் கழுவுவதுதான் செய்ய வேண்டியது. லென்ஸுக்குப் பகையான அதே குழாய்த் தண்ணீர் இங்கே உயிர்காக்கும் மருந்து. பாட்டனார் தம் வாழ்நாள் முழுவதும் ஒரு கண்ணோடு வாழ்ந்தார். நம் பகுதியில் எத்தனை வீடுகளில் அப்படியொரு பாட்டனார் இருந்திருப்பார் என்று எண்ணிப் பாருங்கள்.

உலகில் முதன்முதலாக வெற்றி பெற்ற கருவிழி மாற்றும் ஒரு சுண்ணாம்புக் கண்ணுக்கே செய்யப்பட்டது என்பதைப் படித்தபோது மெய் சிலிர்த்தது. 1905 டிசம்பர் 7. இன்றைய செக் நாட்டில் உள்ள ஓலமோட்ஸ் நகரம். எடுவார்ட் ஜிர்ம் என்ற மருத்துவர். நோயாளி அலோயிஸ் குளோகர், கூலித் தொழிலாளி. சுண்ணாம்பைத் தாளிக்கும்போது இரண்டு கண்ணும் வெந்துபோனவர். இரும்புத் துண்டு பாய்ந்ததால் அகற்ற வேண்டியிருந்த ஒரு 11 வயதுச் சிறுவனின் கண்ணிலிருந்து எடுத்த படலத்தைப் பொருத்தினார்கள். ஒரு கண்ணில் அது தெளிவாக நிலைத்தது. குளோகர் மீண்டும் வேலைக்குப் போனார். நம் நாட்டிலோ முதல் கண் வங்கி 1945இல் சென்னை எழும்பூரில் தொடங்கியது, டாக்டர் ஆர்.இ.எஸ். முத்தையா தொடங்கியது. பாட்டனாருக்கு விபத்து நடந்தது அதற்குப் பின்புதான். கேட்டறிய யாருக்கும் தோன்றவில்லை.

மகளுக்கும் மாற்று அறுவைதான் வழி என்றனர். கண் முற்றும் அடங்கிய பிறகு, ஓராண்டு கழித்து. பட்டியலில் பெயர் எழுதிவிட்டு வீடு திரும்பிய இரவு எங்களுக்கு உறக்கம் வரவில்லை. காரணத்தை மறைக்க விரும்பவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டில் மூதாட்டி ஒருவர் வஃபாத்தானபோது, அடுத்த தெரு ஆசிரியர் ஒருவர் வந்து, கண்களைத் தானமாகக் கொடுக்க விருப்பமுண்டா என்று மிக மெல்லிய குரலில் கேட்டார். மையித்தைக் கீறுவதா என்று நாங்கள் முகம் சிவந்தோம். அவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போனார். இப்போது எங்கள் மகளுக்காக, இன்னொரு வீட்டில், அப்படியொரு கேள்விக்கு ஒருவர் ஆம் என்று சொல்ல வேண்டும் என்று நாங்கள் காத்திருந்தோம்.

இதில் மார்க்கத் தீர்ப்புச் சொல்லும் தகுதி எங்களுக்கு இல்லை. 1988இல் ஜித்தாவில் கூடிய இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி, இறந்தவரின் உறுப்பை, அவரோ அவர் வாரிசுகளோ சம்மதித்திருந்தால், உயிருக்கோ உடலின் அடிப்படைச் செயலுக்கோ அது தேவைப்படுபவருக்குப் பொருத்தலாம் என்று முடிவு செய்தது. நோயினால் அகற்றப்படும் கண்ணிலிருந்து படலத்தை எடுப்பதையும் அனுமதித்தது. நம் நாட்டு உலமாக்களில் கணிசமானோர் இதை ஏற்கவில்லை. உடல் அல்லாஹ்வின் அமானிதம், அதைக் கொடுக்க நமக்கு உரிமையில்லை என்பது அவர்கள் வாதம். எங்கள் ஹஜ்ரத் இரு தரப்பையும் பொறுமையாக எடுத்துச் சொன்னார். பெறுவதில் அவர் தடை சொல்லவில்லை. கொடுப்பதில் தமக்குத் தயக்கம் உண்டு என்றார். அந்த நேர்மையை நாங்கள் மதிக்கிறோம். எங்களுள்ளேயே இன்றுவரை ஒருமித்த முடிவு இல்லை. ஒருவர் உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்திட்டுவிட்டார். மற்றவர் படிவத்தை அலமாரியில் வைத்திருக்கிறார். கையெழுத்திட்டாலும் இறந்த வேளையில் வீட்டார் சம்மதிக்க வேண்டும். ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், முகம் கோணாது, அடக்கம் தாமதமாகாது என்பதைத் தெரிந்துகொண்டோம். அந்த ஆசிரியரைத் தேடிப்போய் மன்னிப்புக் கேட்டோம். அவருக்கு அந்த நாளே நினைவில்லை.

2023 ஜூலையில் அழைப்பு வந்தது. பதினாறு தையல், தலைமயிரைவிட மெல்லிய நூல். சில வாரங்களுக்குக் குனியக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, கண்ணைக் கசக்கவே கூடாது. சஜ்தா செய்ய இயலாமல் நாற்காலியில் அமர்ந்து சைகையால் தொழுதாள். நெற்றியைத் தரையில் வைக்காத தொழுகை தொழுகையாகவே தோன்றவில்லை என்று அவள் ஏங்கியதைப் பார்த்திருக்கிறோம். இப்போது விட வேண்டிய மருந்து ஸ்டீராய்டு. முன்னர் கண்ணைக் கெடுத்த அதே இனம், அந்நியப் படலத்தை உடல் எதிர்க்காமலிருக்கத் தேவைப்பட்டது. மருந்தில் நஞ்சென்றும் அமுதென்றும் தனித்தனியாக இல்லை போலும். யார் கொடுக்கிறார், எப்போது என்பதே கேள்வி.

மருத்துவர் நான்கு சொற்களை எழுதிக் கொடுத்திருந்தார்: சிவப்பு, கூச்சம், மங்கல், வலி. அதைச் சமையலறைச் சுவரில் ஒட்டி வைத்தோம். 2024 பிப்ரவரியில் ஓர் இரவு, இஷாவுக்குப் பிறகு, விளக்கைச் சுற்றி வட்டம் தெரிகிறது என்றாள். கண்ணில் சற்றே சிவப்பு. வலி இல்லை. நாளைக் காலை போகலாமே என்று எங்களுள் ஒருவர் வாயெடுப்பதற்குள் மற்றவர் வண்டிக்குச் சொல்லிவிட்டார். பாலாற்றுப் பாலத்தில் ஏறும்போது மணி பத்தைத் தாண்டியிருந்தது. பணியிலிருந்த இளம் மருத்துவர் பார்த்துவிட்டு, ஒரு தையல் தளர்ந்திருக்கிறது, படலத்தை உடல் நிராகரிக்கத் தொடங்கியிருக்கிறது என்றார். தையலை எடுத்துவிட்டு, மீண்டும் மணிக்கு ஒரு சொட்டு. எத்தனை நாளாக என்று அவர் கேட்டதற்கு, “இன்று இஷாவிலிருந்து” என்றோம். அவர் நிமிர்ந்து எங்களைப் பார்த்தார். மூன்று வாரத்தில் படலம் தெளிந்தது, அல்ஹம்துலில்லாஹ்.

மாற்றிய படலம் கோளமாகப் படிவதில்லை. மேடு பள்ளம் இருக்கும். கண்ணாடியால் அந்தக் கோணலைச் சரிசெய்ய முடியவில்லை. கடைசியில் மருத்துவர் தயக்கத்தோடு சொன்னார்: கடினமான வகை லென்ஸ் ஒன்றுதான் இவளுக்குத் தெளிவான பார்வையைத் தரும். நாங்கள் திகைத்தோம். மகள்தான் முதலில் சிரித்தவள்.

இப்போது அவள் ஒரு கண்ணுக்கு லென்ஸும் அதன்மேல் கண்ணாடியும் அணிகிறாள். வரும் சம்பந்தக்காரர்களிடம் முதல் பேச்சிலேயே எல்லாவற்றையும் அவளே சொல்லிவிடுகிறாள். சிலர் தேநீர் குடித்துவிட்டுப் போய்விடுகின்றனர். ஒரு குடும்பம் மீண்டும் வந்தது; இன்னும் பேச்சு முடியவில்லை, துஆச் செய்யுங்கள். சென்ற மாதம் ஆம்பூரில் மற்றொரு திருமணம். இரவில் பெண்கள் அறையில், எல்லோரும் பார்க்க, பையிலிருந்து டப்பாவையும் மருந்து நீரையும் எடுத்து வைத்து, கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவி, சுத்தமான துணியால் ஈரம் போகத் துடைத்துவிட்டு லென்ஸைக் கழற்றினாள். பக்கத்தில் இருந்த சின்னப் பெண் ஒருத்தி, “ஏன் இவ்வளவு துடைக்கிறீர்கள், அக்கா?” என்று கேட்டாள். மகள் அவளை அருகே உட்கார வைத்துச் சொல்லத் தொடங்கினாள். அவர்கள் பேசி முடிக்க வெகு நேரமாயிற்று.